கொண்டக்டர் எறிந்த கல்குலேட்டர்

புசல்லாவைச் சந்தியில் பஸ் நிற்கவில்லை. நிற்காது என்று எனக்குத் தெரியும். மழை, வளைவு, பின்னால் முட்டிக்கொண்டு வரும் இன்னொரு பஸ். கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "தங்கச்சி, பிடிங்க" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை என் பக்கம் எறிந்தார். ஒரு கையில் குடை. பொட்டலம் மற்றக் கையின் விரல் நுனியில் பட்டு, அப்பாவின் கடை வாசலில் இருந்த சீமெந்துப் படியில் மோதி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது.

உள்ளே இருந்தது ஒரு கிராஃபிங் கல்குலேட்டர். அது என்னுடையதும் அல்ல.

தாளைப் பிரித்தேன். மேல் மூடி குறுக்காகப் பிளந்திருந்தது. முதுகுப் பக்கத்து பேட்டரி மூடி கழன்று, பேட்டரிகள் தாளுக்குள் உருண்டுகொண்டிருந்தன. ஒன்றைக் காணோம். கானுக்குள் கையை விட்டுத் துழாவி அதையும் எடுத்து, பாவாடையில் துடைத்து, உள்ளே போட்டு அழுத்தினேன். திரை வந்தது. ஒரு சைன் வரைபு கேட்டேன். ஒன்றுமே நடக்காததுபோல, இடமிருந்து வலமாக அழகாகக் கீறிக் காட்டியது.

யோசனை அங்கேதான் பிடித்தது. இந்தச் சாமான் எதை எல்லாம் தாங்கும்? எப்படி விழுந்தால் தாங்கும், எப்படி விழுந்தால் போகும்? மூடி தன்னைப் பிளந்துகொண்டு உள்ளே இருந்ததைக் காப்பாற்றியிருக்கிறது. அப்படியென்றால், அதைவிட நல்ல மூடி ஒன்றை நான் செய்தால்? குடையை மறந்துவிட்டு மழைக்குள் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குள் லொறி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா தலையை நீட்டினார். "ஏம்மா, கணக்க அங்கயே நின்னு போட்டு முடிச்சிட்டு வாறியா, இல்ல உள்ள வந்து போடுறியா?"

அப்பாவுக்கு பிரதான வீதியோரம் டயர் ஒட்டும் கடை. கடைக்கு மேலே வீடு. வாரக் கடைசியில் நான் கண்டிக்குப் போய், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடநெறியை அங்கே ஒரு நிறுவனத்தில் படிக்கிறேன். என் வகுப்புச் சிநேகிதி கம்பளையில் இருந்து வருகிறாள். அவளுடைய நானா, அதாவது மூத்த சகோதரர், கட்டாரில் வேலை செய்கிறார். அந்தக் கல்குலேட்டரை அவருக்குத் தெரிந்த ஒருவர் பாவித்துவிட்டுக் கொடுக்க, அவர் அதை தங்கைக்கு அனுப்பியிருந்தார். எங்கள் பாடநெறியின் சில வினாத்தாள்களை அது இல்லாமல் எழுதுவது, கையால் கிணறு வெட்டுகிற வேலை. ஃபோனில் அதே வேலையைச் செய்யும் ஆப் இருக்கிறது, ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள் ஃபோன் விட மாட்டார்கள். எந்த மெஷினில் எழுதப் போகிறோமோ அதில்தான் விரலைப் பழக்க வேண்டும். என்னிடம் அது இல்லை. அவள் தன்னுடையதை எனக்கும் பங்கு வைத்தாள். வாரத்தில் பாதி கம்பளையில், பாதி புசல்லாவையில்.

போக்குவரத்து பஸ்ஸில். எங்கள் பாதையில் பஸ்ஸில் சாமான் கொடுத்தனுப்புவது புதிது இல்லை. மருந்து, தைத்து முடித்த பிளவுஸ், யாரோ மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி எல்லாம் கொண்டக்டர் கையில் ஏறி, சொன்ன இடத்தில் இறங்கும். இறங்கும் என்பது மரியாதைக்குச் சொல்வது. கண்டியில் இருந்து நுவரெலியா போகிற பஸ், ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி எடுப்பதற்குள் பின்னால் வருகிறவன் முந்திவிடுவான். ஆகவே எறிவார்கள். நாங்கள் பிடிப்போம்.

அன்று மாலை அவளுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

"மூடி போயிருச்சி. உள்ள இருக்கிறது நல்லாருக்கு."

"நானா வீடியோ கோல்ல வந்தா மூடி எங்க எண்டுதான் முதல்ல கேப்பார்."

"நான் வேற மூடி செஞ்சி தாறேன். இதவிட நல்லதா."

"நீ செஞ்சி?"

"ஆமா."

"அல்லாட காவல்" என்றாள்.

அவளுக்குப் பயம் இருக்க நியாயம் இருந்தது. புள்ளிவிபரவியல் வினாத்தாளை அவள் எழுதப்போவது இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை என்று ஒன்று அந்தப் பாடநெறியில் கிடையாது. தவறினால் வெளியே. இவ்வளவு நாள் படித்தது அதோடு சரி. என்னுடைய வினாத்தாள் அவளுடையதற்கு அடுத்த கிழமை. இரண்டு பரீட்சைக்கும் கல்குலேட்டர் ஒன்று.

நான் அன்றே தொடங்கிவிட்டேன். முதலில் இணையத்தில் பார்த்தேன். வெளிநாட்டில் ஒருவர் மாடியில் இருந்து கல்குலேட்டரைப் போடுகிறார். இன்னொருவர் காரை ஏற்றுகிறார். மற்றொருவர் அதை ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டு எடுத்து வரைபு கீறுகிறார். எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி. எங்கள் ஊரில் இப்படியான சாமான்களுக்கு நடப்பதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. பஸ்ஸின் மேல் தட்டில் இருந்து தேயிலைச் சாக்கு உருண்டு வந்து பையில் விழுவது, பிளேன் டீ கவிழ்வது, ஜன்னலைத் திறந்து வைத்தால் மேசைக்கே வருகிற மூடுபனி, இதையெல்லாம் யார் சோதித்துப் பார்ப்பது?

சிநேகிதியின் கல்குலேட்டரைப் போட்டுப் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்தில் நான் பாவித்த சாதாரணக் கல்குலேட்டர் ஒன்று எப்போதோ செத்து அலுமாரிக்குள் கிடந்தது. அதை எடுத்து, அப்பா சக்கரத்தின் ஓரத்தில் அடிக்கிற ஈயத் துண்டுகளை முதுகில் ஒட்டி, எடையைச் சரிசெய்தேன். பழைய டியூபை வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் பூசி, அதற்கு ஒரு சட்டை செய்தேன். மாடியில் இருந்து ரோட்டில் போட்டேன். படியில் உருட்டினேன். திரும்புகிற த்ரீவீலில் இருந்து தள்ளினேன்.

அப்பா டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, காற்றுக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்டார். "செத்தத எத்தன தரம்மா கொல்லுவ?"

எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. ஏற்கனவே செத்த ஒன்று விழுந்து செத்ததா பிழைத்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு முழு வாரம் வீண். பிறகு சந்தியில் ஃபோன் திருத்துகிற கடையில் போய், ஃபோன் திரையில் ஒட்டுகிற கண்ணாடிகளில் அளவு பிழைத்து ஒதுக்கியவை இருந்தால் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார் கடைக்காரர். உடைக்க என்றேன். தந்துவிட்டு, நான் போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கண்ணாடியைச் செத்த கல்குலேட்டரின் முகத்தில் ஒட்டிப் போட்டபோதுதான் ஏதோ புரியத் தொடங்கியது. தட்டையாக விழுந்தால் பெரும்பாலும் தப்பியது. மூலையில் விழுந்தால் கண்ணாடி சிலந்திவலைபோல் ஆனது. குப்புற விழும்போது கீழே ஒரு சின்னக் கல் இருந்தால் போதும், நடுவில் குத்தியது. ஆகவே மூலைகளில் டியூபை மடித்து மடித்துத் தடிப்பாக்கினேன். முகத்தைச் சுற்றிலும் ஒரு விரல் உயரத்துக்கு வரம்பு எழுப்பினேன். குப்புற விழுந்தாலும் தரையில் படுவது வரம்புதான், பட்டன்களோ திரையோ இல்லை. அதற்குப் பிறகு கண்ணாடி உடையவே இல்லை.

உண்மையான கல்குலேட்டருக்கு அதே மாதிரி ஒரு கவரை அதன் அளவுக்குச் செய்து, மூலைகளை சொலூஷன் வைத்து ஒட்டி, கம்பளைக்கு அனுப்பினேன். மறுநாளே ஃபோன் வந்தது.

"என்னடி இது? வீடெல்லாம் டயர் வாசம். யார்ட வண்டி பஞ்சர் எண்டு உம்மா கேக்குறா."

"வாசம் போயிரும். பட்டன் எல்லாம் அழுந்துதா?"

"அழுந்துது. கிணத்துக்குள்ள விரல விட்டு அழுத்துற மாதிரி ஈக்கி."

அது திரும்பி வந்த நாளில் கொண்டக்டர் தூரத்திலேயே என்னைக் கண்டு, "இப்ப எறியலாமா?" என்று சத்தமாகக் கேட்டார். எறிங்க அண்ண என்றேன். வேண்டுமென்றே பலமாக எறிந்தார் என்று நினைக்கிறேன். அது ரோட்டில் ஒரு தரம் குதித்து, எதிர்ப்பக்க மரக்கறிக் கடையின் கரட் குவியலுக்குள் போய்ப் புதைந்தது. ஓடிப்போய் எடுத்தேன். பேட்டரி மூடிகூட அசையவில்லை. கரட் கடைக்காரர் ஏசினார். அது என் காதில் ஏறவில்லை.

கண்டி வகுப்பில் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். விழுவதைப் பற்றியும் மூலையைப் பற்றியும் வரம்பைப் பற்றியும் மூச்சுவிடாமல் விளக்கினேன். முன் கதிரையில் இருந்த பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிங்க் கலர்ல இல்லையா?" என்றாள். டியூப் கறுப்பில் மட்டும்தான் வரும் என்று அவளுக்குச் சொல்லி விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. இன்னொருவன் அதைத் தூக்கிப் பார்த்து, "செருப்பு மாதிரி இருக்கு" என்றான். ஒருவரும் ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் கவரின் மூலையை நகத்தால் நிமிண்டிக்கொண்டே வந்தேன். சிநேகிதி கெலிஓயா தாண்டும்வரை பார்த்துவிட்டு, "எனக்குப் பிடிச்சீக்கி" என்றாள். "வாசத்தத் தவிர."

நவராத்திரி வந்தது. அவளுடைய வினாத்தாள் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை. பூஜை நாள் வரை கல்குலேட்டர் என் முறை. பூஜை அன்று பின்னேர பஸ்ஸில் கீழே அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒன்றாகத்தான் நடக்கும். அன்று கடையைக் கழுவி, ஜாக்கி, ஸ்பேனர், டயர் கழற்றும் இரும்பு, காற்றடிக்கிற கம்பிரசர் எல்லாவற்றுக்கும் அம்மா பொட்டு வைப்பார். கம்பிரசருக்கு மாலையும் உண்டு. நான் காலையில் இருந்து கடையைக் கழுவுவதில் அப்பாவுக்கு ஒத்தாசை. குளித்துவிட்டு மேலே போனபோது சாமிக்கு முன்னால் என் புத்தகங்கள் அடுக்கியிருந்தன, அதற்கு மேல் பேனா, அதற்கும் மேல் கல்குலேட்டர். பூஜை முடிந்து, தீர்த்தம் தெளித்தாகிவிட்டது.

"அம்மா, அது இன்னைக்கு கம்பளைக்குப் போகணும்."

"பூஜைக்கு வச்சத விடியிறதுக்கு முந்தி எடுக்கிறதா? நல்ல கத."

"அவளுக்கு நாளைக்குப் பரீட்சை அம்மா."

"அதுக்குத்தான் வச்சேன். அந்தப் புள்ளைக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். காலையில முதல் பஸ்ஸுக்கு நீயே கொண்டு போய்க் குடு."

ஒன்று சொன்னால் அம்மா அதில் இருந்து அசையமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன். கல்குலேட்டரின் முகத்தில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் தெரிந்தன. பொட்டுத்தானே, துடைத்தால் போய்விடும் என்று எண்ணினேன். சிநேகிதிக்கு ஃபோன் எடுத்தேன். முதல் பஸ்ஸில் நானே வருகிறேன், அவள் கம்பளையில் அதே பஸ்ஸில் ஏறட்டும் என்று முடிவானது.

விடிந்து சூடம் காட்டிய பிறகு கையில் எடுத்தேன். உள்ளே ஏதோ அசைந்தது.

பொட்டு இல்லை பிரச்சினை. அம்மா சந்தனத்தைப் பன்னீரில் கரைத்துத் தெளித்திருக்கிறார். வெறும் கல்குலேட்டர் என்றால் வழிந்து புத்தகத்தில் போயிருக்கும். நான் எழுப்பிய வரம்பு அதை வழிய விடவில்லை. சுற்றிலும் ஒரு விரல் உயரம், மூலைகள் சொலூஷன் போட்டு நீர் புகாமல் ஒட்டியது. நடுவில் பட்டன்கள், இரவு முழுக்க சந்தனக் குளத்துக்குள். பட்டன்களின் மேல் ஒரு மஞ்சள் படலம் காய்ந்து வெடித்திருந்தது. சந்துகளில் இன்னும் ஈரம்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அது சந்தனம்மா, நல்லதுதானே, வெயில்ல வச்சா உதிர்ந்திரும்" என்றார். புசல்லாவையில் அந்த நேரத்துக்கு வெயில் எங்கே இருக்கிறது? வெள்ளைப் பனி கடை வாசல்வரை வந்து நின்றது.

அப்பா வாங்கிப் பார்த்தார். "ஒரு அடி காத்து அடிச்சா எல்லாம் பறந்திரும். கொண்டா." கம்பிரசரின் மாலையை ஒதுக்கி, குழாயை எடுத்து, பட்டன்களின் மேல் பிடித்தார். காய்ந்தது பறந்தது. புகைபோல மஞ்சள் தூள் எழும்பி, கடையே மணந்தது. அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். ஈரமாக இருந்தது எங்கே போனது என்று அப்போது நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. அது மேலே வரவில்லை. லொறி டயருக்கு அடிக்கிற காற்றின் வேகத்தில், பட்டனுக்கு அடியில் போயிருந்தது.

பஸ் வந்துவிட்டது. அதே கொண்டக்டர்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு நீங்களே கொண்டு போறீங்க. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நீங்க எறிஞ்சி ஒண்ணும் ஆகல அண்ண. வீட்டுல சாமி கும்பிட்டுத்தான் ஆயிருச்சி."

"அதத்தான் சொல்றேன். என்கிட்டயே குடுத்திருக்கணும்" என்று சொல்லி டிக்கெட் கிழித்தார்.

கம்பளையில் சிநேகிதி ஏறினாள். நான் பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, கையை நீட்டினாள். கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனாள்.

"டயர் வாசம் போயிட்டு. இது என்ன மஞ்சள்?"

"சந்தனம்."

"கல்குலேட்டருக்கு?"

"பூஜைக்கு வச்சாங்க. எல்லாத்துக்கும் வச்சாங்க. கம்பிரசருக்கும்."

"கம்பிரசருக்கு இண்டைக்கு சோதின இல்லயே" என்றாள்.

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். பிறகு தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபில் இருந்து ஒரு பின்னைக் கழற்றி, பட்டன்களின் சந்தில் விட்டுச் சுரண்டத் தொடங்கினாள். எனக்கு இன்னொரு பின். அவள் மேல் வரிசை, நான் கீழ் வரிசை. பஸ் வளைவில் திரும்பும்போது பின்னை வெளியே எடுத்து, நேரானதும் மறுபடி விட்டோம். சந்தனம் இழை இழையாக வந்தது. அவளுடைய ஸ்கார்ஃப் ஒரு பக்கம் அவிழ்ந்து தோளில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அதைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். பின்சீட்டில் இருந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நக நட்டா, பிள்ளைகளே?" என்று கேட்டார்.

பேராதனைக்கு வருமுன் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தோம். எல்லாம் வந்தது. ஏழு மட்டும் வரவில்லை. அழுத்தினால் அழுந்துகிறது, திரையில் ஒன்றும் இல்லை. பலமாக அழுத்தினாலும் இல்லை. ஓரத்தில், நகத்தால், பேனா முனையால்.

"ஏழு இல்லாம எப்பிடிடி?" என்றாள்.

"எட்டுல ஒண்ணக் கழி."

"என்ன?"

"ஏழு வர்ற இடத்துல எட்டு சய ஒண்ணு போடு. அது தானா ஏழுன்னு எடுத்துக்கும்."

போட்டுப் பார்த்தாள். எடுத்துக்கொண்டது. "எழுபத்தேழு வந்தா?"

"எழுபத்தெட்டுல..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"அதுலயும் ஏழு ஈக்கி, மொடச்சி."

"எண்பதுல மூணு."

"நூத்தி எழுபத்திரெண்டு?"

"நூத்தி அறுபத்தொம்பதோட மூணக் கூட்டு."

அதற்குப் பிறகு கண்டி வரும்வரை நான் ஏழு உள்ள எண்களாகச் சொல்லிக்கொண்டே வந்தேன், அவள் ஏழு இல்லாமல் போட்டுக்கொண்டே வந்தாள். இறுதி நேரத்தில் பார்க்க வேண்டும் என்று அவள் அடையாளம் வைத்துக் கொண்டுவந்த பாடம் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. அந்த நினைப்புத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவளைப் பரீட்சை மண்டப வாசலில் விட்டுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஆளாக வந்தாள். முகத்தில் இருந்து எதையும் படிக்க முடியவில்லை. கவரை என் மடியில் போட்டாள்.

"உள்ள போனதும் மேற்பார்வை மிஸ் இதக் கண்டுட்டா. கவர் வைக்க ஏலாதாம். உள்ளுக்கு ஏதும் எழுதி மறைச்சி வைக்கிறாங்களாம், கழட்டுங்க எண்டா. கழருதா? ஒன்ட சொலூஷன் அப்பிடி. மிஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கோழி உரிக்கிற மாதிரி உரிச்ச. மத்தவங்க எல்லாம் எழுதத் தொடங்கிட்டாங்க."

இத்தனை நாளில் பரீட்சைக்குள் கவர் விடுவார்களா என்று ஒரு தரமாவது யாரையாவது கேட்டேனா? பஸ்ஸில் இருந்து எறிவதற்குச் செய்தேன், மூலைக்குச் செய்தேன், கரட் குவியலுக்குச் செய்தேன். மேசைக்குச் செய்யவில்லை.

"வினா?"

"முதல் மூணும் சரி. நாலாவதுல ஒரு பெரிய அட்டவண. அதுல எங்க பார்த்தாலும் ஏழு. ஒவ்வொண்டா எட்டு சய ஒண்டு, எண்பது சய மூணு... ஒரு எடத்துல கழிக்க மறந்து எட்டாவே போட்டுட்டு, திரும்ப முதல்ல இருந்து. கடைசி வினால பாதிதான் எழுதின."

"பாஸாகுமா?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள். முதல் தடவையாகக் கோபம் வந்தது அவளுக்கு. "ஏழு இருந்தா ஆகும் எண்டு செல்லுவேன். ஏழு இல்ல."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழியில் கல்குலேட்டர், ஃபோன் எல்லாம் திருத்துகிற கடை ஒன்றில் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன ஃபோன்?" என்றார். ஃபோன் இல்லை என்றேன். முதுகில் இருந்த திருகாணிகளைப் பார்த்துவிட்டு, நட்சத்திரத் தலை, அந்த அளவுக்குத் தன்னிடம் சாவி இல்லை, திறந்து ஏதும் ஆனால் தன்னைக் கேட்கக் கூடாது என்று திருப்பித் தந்தார். அடுத்த கடையிலும் அதே கதைதான். மேலே ஒட்டியிருந்த மஞ்சளைச் சுண்டிவிட்டு, "மஞ்சள் காமாலையா?" என்று கேட்டார் அந்தக் கடைக்காரர். வேறு ஒரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

திரும்புகிற பஸ்ஸில் ஏறியதும் அவள் கல்குலேட்டரைத் தன் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினாள்.

"இனி இது கம்பளைய விட்டுப் போற இல்ல."

"எனக்கு அடுத்த கிழமை பரீட்சை இருக்கே."

"எங்கூட்டுக்கு வந்து படி. உம்மா சோறு தருவா. ஆனா கொண்டக்டர்ட கையிலயும் குடுக்கிற இல்ல, ஒங்கம்மாட கையிலயும் குடுக்கிற இல்ல, ஒங்க வாப்பாட காத்துக்கும் காட்டுற இல்ல."

"என் கையில?"

கொஞ்சம் யோசித்தாள். "ஏழத் திறந்து பார்க்கிற எண்டா எங்கூட்டு மேசையில, எனக்கு முன்னால. ஆணிய நான்தான் பிடிச்சிக் கொள்ளுவேன்."

கம்பளையில் அவள் இறங்கினாள். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மீதி ஏற்றம் முழுக்க வெறும் கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உரித்த இடத்தில் ஒரு மூலை கிழிந்திருந்தது. சந்தன வாசமும் டயர் வாசமும் சேர்ந்து தலைவலி வந்தது. தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அந்தக் கிழிந்த மூலையைப் பார்த்தேன். அது கிழிந்திருந்தால் நேற்று அந்தத் தண்ணீர் அது வழியாகப் போயிருக்கும். வரம்பு நிற்கட்டும், ஆனால் மூலைக்கு மூலை ஒரு கான் வெட்டிவிட வேண்டும். குப்புற விழுந்தாலும் பட்டன் படாது, யார் என்ன தெளித்தாலும் தேங்காது. ஒட்டாமல், ஒரே இழுப்பில் கழற்றுகிற மாதிரி ஒரு பட்டி.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். சொன்னேன். அவர் கம்பிரசருக்குப் பக்கத்தில் இருந்த தகரப் பெட்டியைக் கிளறி, கார் ரேடியோ கழற்றுகிறவர் ஒருவர் எப்போதோ விட்டுப்போன சாவிக் கொத்தை எடுத்துத் தந்தார். அதில் நட்சத்திரத் தலை சின்னது ஒன்று இருக்கிறது. சரியான அளவா என்று தெரியாது. அம்மா பருத்திப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பளைக்குப் போகிறேன். முதலில் ஏழு. அவள் ஆணியைப் பிடித்திருக்க, முதுகைத் திறந்து, பட்டனுக்கு அடியில் காய்ந்திருப்பதை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் எடுத்துப் பார்க்கப் போகிறேன். வந்தால் வரட்டும். வராவிட்டால் என் வினாத்தாளையும் எட்டில் ஒன்றைக் கழித்துத்தான் எழுத வேண்டும், அதற்கும் இன்றே பழகத் தொடங்கிவிட்டேன். கான் வெட்டிய கவரைச் செத்த கல்குலேட்டருக்குப் போட்டு, அதற்கு அடியில் செய்தித்தாளை வைத்து, நாளைக் காலையில் சோதிக்க வேண்டும். இந்த முறை மாடியில் இருந்து போடுவதாக இல்லை. சந்தனத்தைக் கரைத்துத் தெளித்துத் தரச் சொல்லி அம்மாவிடமே கேட்டிருக்கிறேன்.